குடில் குழந்தையின் ஈரத்துணிகள்

டிசம்பர் இருபத்தேழாம் தேதி, காலைப் பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு, கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கோல் மேல் படுத்திருந்த குழந்தையின் பிளாஸ்டர் சுரூபம் தன் அடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியை நனைத்தது. அன்று வியாழக்கிழமை. முதலில் யாரும் குழந்தையைச் சந்தேகிக்கவில்லை. கூரை ஒழுகுகிறது என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். மூன்று வாரமாக மழையே இல்லை என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். ஆனாலும் அதுவரை கோயிலில் வந்த எல்லாக் கோளாறுக்கும் கூரைதான் காரணமாக இருந்திருக்கிறது என்பதால், குடில் கமிட்டியார் இரண்டு பேரை ஏணி வைத்து ஏற்றித் தார் பூசச் சொன்னார்கள். மறுநாளும் துணி நனைந்தது. பூ அலங்காரம் செய்யும் அக்கா தங்கை இருவரையும் கூப்பிட்டு வைக்கோலில் தண்ணீர் தெளித்தீர்களா என்று கேட்டார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பூ வைக்கவில்லை. அடுத்தபடியாகப் பழி பூனை மேல் விழுந்தது. அந்தப் பூனை கோயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே கிடையாது. ஐந்தாம் நாள், நனைந்த துணிகளை எல்லாம் சுருட்டி ஒரு பையில் போட்டு, கறை போகட்டும் என்று லாண்டரியக்காவுக்கு அனுப்பி வைத்தார்கள்.

லாண்டரியக்கா பிரசவ ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் முப்பத்தொரு வருஷமாக வேலை செய்கிறவள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத நீளமான அறையில், மூன்று பெரிய மெஷின்களும் ஒரு இரும்பு மேஜையும் அவளுடைய ராஜ்யம். மேலே வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் துணிகளைப் பிரிக்கும் வேலை அவளுடையது. போர்வை ஒரு பக்கம், ஆபரேஷன் துணி ஒரு பக்கம், குழந்தைத் துணி ஒரு பக்கம். சுவரில் தராசு தொங்கினாலும் அவள் அதைத் தொட்டதில்லை. கையில் எடுத்தாலே எடை தெரிந்துவிடும். முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை, பையின் வாயைத் திறந்ததுமே பிறந்து எத்தனை நாளான குழந்தை, தாய்ப்பாலா பொடிப்பாலா என்பது தெரியும். ஒருமுறை ஒரு துணியின் வாடை சரியில்லை என்று அவள் மேலே சொல்லி அனுப்பியதில், ஒரு குழந்தையின் நோய் மூன்று நாள் முன்னதாகவே பிடிபட்டது. அன்றிலிருந்து பெரிய டாக்டர்கள்கூட மாடிப்படியில் அவளைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். மெஷின் சத்தத்தில் பேசி என்ன ஆகப்போகிறது என்று இளவயதிலேயே விட்டுவிட்ட பழக்கம், வீட்டிலும் கூடவே வந்துவிட்டது.

அப்படிப்பட்டவள் கோயில் பையைத் திறந்தாள். திறந்த கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். ஆண் குழந்தை, பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, தாய்ப்பால் குடிக்கிறது, வயிறு நன்றாக இருக்கிறது. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அவள் அந்தத் துணிகளைத் தனியாக வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி முக்கோணமாக மடித்துத் திருப்பி அனுப்பினாள். மறுநாள் இன்னொரு பை வந்தது. அதையும் அப்படியே செய்தாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் ஈரத்துணி விஷயத்தில் அவள் வீட்டிலேயே ஒரு பெரிய சங்கடம் இருந்தது.

அவளுடைய வீட்டுக்காரரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிடுவார்கள். நாற்பது வருஷம் ஊரிலிருந்த லிஃப்ட்டுகளை எல்லாம் பழுது பார்த்தவர். கிரீஸும் கரியுமான வேலைக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார், அதே வெள்ளையோடு திரும்பி வருவார். எப்படி என்று கேட்டால், அழுக்காகாமல் வேலை செய்யத் தெரியாதவனுக்கு வேலையே தெரியவில்லை என்று அர்த்தம் என்பார். செருப்பின் வாரைக்கூட இன்னொருத்தர் குனிந்து மாட்டிவிட்டால் பொறுக்காத மனிதர். காய்ச்சலில் கிடந்தாலும் தன் டம்ளரைத் தானே கழுவி வைப்பார். இருபத்திரண்டு வருஷம் குடில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அந்த வருஷம் மார்ச் மாதம், ஒன்பதாவது மாடியில் நின்றுபோன லிஃப்ட்டை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து கைகழுவிக்கொண்டிருந்தவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் போயின. பேச்சும் புத்தியும் தப்பித்துக்கொண்டன, ஆனால் சிறுநீர் மட்டும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

இதை அவரால் தாங்க முடியவில்லை. துடைத்துவிட ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆளை ஏற்பாடு செய்தார்கள். முதல் நாளே அவனைத் துரத்திவிட்டார். மனைவி கிட்டே வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சுவர் பக்கம் திரும்புவார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை காத்திருந்து, நல்ல கையால் நனைந்த துணியை உருவி மெத்தைக்கு அடியில் செருகி வைத்துவிடுவார். ஊரின் பாதிப் பிள்ளைகளுடைய துணியை வாசனையை வைத்தே சொல்கிறவளிடம் மெத்தைக்கு அடியில் ஒளித்தால் ஒளிந்துவிடுமா? அவள் அவர் தூங்கும்போது அதை எடுத்துத் துவைத்து, ஒன்றும் தெரியாத மாதிரி அலமாரியில் வைத்துவிடுவாள். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பத்து மாதத்தைத் தள்ளினார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. லிஃப்ட்காரர் மெஷின் புத்தி உள்ளவர். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று யோசித்துத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்க ஆரம்பித்தார். கோடையில் ஆறு டம்ளர் குடித்தவர் நவம்பரில் ஒன்றுக்கு வந்திருந்தார். சூப் வைத்துக் கொடுத்தால் காயை மட்டும் தின்றுவிட்டு சாற்றைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுவார். பழத்தை நறுக்கிக் கொடுத்தால் பிழிந்து வைத்துவிட்டு சக்கையைத் தின்பார். உதடு வெடித்தது. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை லாண்டரியக்கா கையில் கொடுத்து, சிறுநீரகம் இரண்டும் காய்ந்துகொண்டு வருகிறது, ஒரு நாளைக்கு எட்டு டம்ளராவது உள்ளே போகாவிட்டால் ஈஸ்டரை அவர் பார்க்கமாட்டார் என்று சொன்னாள். லாண்டரியக்கா அந்தத் தாளை நாலாக மடித்து, சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைச் சன்னல் பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான்.

புது வருஷத்துக்குப் பிறகு பங்குச்சாமியாரே நேரில் வந்து, இந்தத் துணியில் என்ன கறைதான் படுகிறது என்று கேட்டார். அவர் சின்ன உருவம், வயதும் குறைவு. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை உண்மையாகவே காத்திருக்கிற மனிதர். காத்திருந்தார் என்பதால் அவளும் சொல்லிவிட்டாள்.

“குழந்தை மூத்திரம் ஃபாதர்.”

“எந்தக் குழந்தையோடது?”

“அங்க ஒரு குழந்தைதானே இருக்கு.”

சாமியார் சிரிக்கவும் இல்லை, சிலுவை போட்டுக்கொள்ளவும் இல்லை. துணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். கமிட்டி கூட்டினார். கமிட்டியின் செயலாளர் மருந்துக்கடைக்காரர், எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதவர். துணியைப் பிழிந்து கடைக்கு எடுத்துப்போய், சிறுநீர் சோதிக்கிற பட்டையை அதில் நனைத்துப் பார்த்துவிட்டு வந்தார். சர்க்கரை இல்லை, ரத்தம் இல்லை, தொற்று இல்லை என்று வாசித்தார். குரலில் ஏமாற்றம் இருந்தது. சுரூபம் முழுக்க முழுக்கப் பிளாஸ்டர் என்பதையும், இடுப்புத் துண்டே அதில் செதுக்கியதுதான் என்பதையும், எனவே இதற்கு வழியே கிடையாது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். வழி இல்லைதான், ஆனால் வருகிறது என்று கமிட்டி பதிவு செய்துகொண்டது. தாய்ப்பால் என்று லாண்டரியக்கா சொன்னதைச் சாமியார் எடுத்துச் சொன்னபோது, எல்லாரும் நீலப் போர்வை போர்த்திய அம்மா சுரூபத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

கமிட்டியின் கஷ்டம் அதிசயம் நடந்ததில் இல்லை. எந்த அதிசயம் நடந்தது என்பதில்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு சுரூபம் எண்ணெய் வடித்ததாம், ஞாயிறுதோறும் பதினோரு பஸ் வந்ததாம். “கண்ணீரா இருந்தா பரவால்ல ஃபாதர். நாமளே நோட்டீஸ் அடிச்சிருக்கலாம். வேண்டாம், வேர்வையா இருந்தாக்கூட வெளிய சொல்லிக்கலாம்,” என்று மருந்துக்கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். “இதை எந்த வாயால சொல்றது?” அதனால் வெளியே சொல்வதில்லை என்று முடிவானது. படகுக்கு அடிக்கிற வார்னிஷ் வாங்கி மூன்று பூச்சு பூசினார்கள். இரண்டு நாள் துணி காய்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் வழக்கம்போல் நனைந்ததோடு, வார்னிஷ் பட்ட தொடை இரண்டிலும் பிளாஸ்டர் சிவந்து தடித்துவிட்டது. துணி மாற்ற வந்த லாண்டரியக்கா அதைப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாகக் கமிட்டி முன்னால் போய் நின்று, குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, துடைத்து எடுங்கள் என்று சொன்னாள். துடைத்து எடுத்தார்கள். அவள் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டாள். நாலு நாளில் தடிப்பு அமுங்கியது.

குடிலைப் பிரிக்கிற நாள் வந்தது. ஆடு, மாடு, இடையர், அரசர் எல்லாரையும் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். குழந்தையை மட்டும் அடுக்க முடியவில்லை, ஈரத்தில் மற்றதெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். அப்போதுதான் யாருக்கோ லிஃப்ட்காரர் ஞாபகம் வந்தது. அந்தக் குழந்தையின் இரண்டு கால் விரல்கள் உடைந்தபோது கம்பி வைத்து ஒட்டியவர் அவர். லிஃப்ட்டின் குழியில் தண்ணீர் ஊறினால் எங்கிருந்து ஊறுகிறது என்று காது வைத்தே கண்டுபிடிப்பவர். மருந்துக்கடைக்காரர் குழந்தையை ஒரு துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்து அவர் கட்டில்மேல் வைத்து, அண்ணே, நீங்கதான் இதுக்கு ஒரு வழி சொல்லணும் என்றார்.

லிஃப்ட்காரர் பத்து மாதத்துக்குப் பிறகு தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியையும் பென்சிலையும் கேட்டார். எந்த மெஷினாக இருந்தாலும் தண்ணீர் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், வருகிற இடத்தை நான் கண்டுபிடிக்கிறேன் என்றார். சமையலறைத் தராசைக் கொண்டுவரச் சொல்லிக் குழந்தையை நிறுத்தார். நாலு கிலோ நூறு கிராம். துணி நனைந்த பிறகும் நிறுத்தார், அதே நாலு கிலோ நூறு கிராம். துணி மட்டும் நாற்பது கிராம் கூடியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் நனையாது, கண் சிமிட்டினால் நனைந்துவிடும். பகலில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை. உள்ளே எங்கேயும் வெற்றிடம் இல்லை என்பதைத் தட்டிப் பார்த்து உறுதி செய்தார். ஒரு வாரம் கழித்து, எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை, ஆனால் ஒழுங்காக வருகிறது, பழுது என்று எதுவும் இல்லை என்று சாமியாருக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். ஆராய்ச்சி முடிந்தும் குழந்தையைத் திருப்பி அனுப்பவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றார்.

துணி மாற்றுவதை அவரே செய்தார். மனைவி கை வைத்தால் கணக்கு கெட்டுவிடும் என்று தடுத்துவிட்டார். ஒற்றைக் கையால் மாற்றுவதற்கு ஒரு முறை கண்டுபிடித்தார். துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வார், மறு முனையை நல்ல கையால் இழுத்து முடிவார், குழந்தை உருண்டுவிடாமல் இருக்க விழுந்துபோன இடது கையை மணல் மூட்டை மாதிரி அதன் பக்கத்தில் அணைகட்டி வைப்பார். அந்தக் கை மார்ச்சுக்குப் பிறகு செய்த முதல் வேலை அது. லாண்டரியக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். “ஏண்டா, இப்பதானே மாத்தினேன்,” என்று அவர் செல்லமாகத் திட்டுவது கேட்கும். அவள் உள்ளே வந்தால் உடனே மரியாதைக்கு மாறி, “இவரு மறுபடியும் நனைச்சுட்டாரு, எழுதிக்க,” என்பார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. நனைந்த துணியை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரிக் கட்டில் கம்பியில் தொங்கவிடுவார். ஆனால் அவருடைய துணி மட்டும் மெத்தைக்கு அடியிலேயே இருந்தது. தண்ணீர் ஒரு டம்ளரிலிருந்து அரை டம்ளருக்கு இறங்கியிருந்தது. மூன்றாவது வாரம் பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட ஆரம்பித்தது. டாக்டரம்மா இன்னொரு தாள் கொடுத்தாள். லாண்டரியக்கா அதைப் படிக்காமலேயே மடித்தாள். அன்றைக்குக் கொடியில் இரண்டு பேர் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் காயப்போட்டுவிட்டு, அதன் கீழே உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரம்தான். துணி காய்ந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாமியாரும் மருந்துக்கடைக்காரரும் வீட்டுக்கு வந்தார்கள். லாண்டரியக்கா நாற்காலி போட்டாள், கூஜாவையும் மூன்று டம்ளரையும் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். மருந்துக்கடைக்காரர் சுற்றி வளைத்து வந்து சேர்ந்தார். கமிட்டி புது சுரூபங்களுக்குச் சொல்லியிருக்கிறது, பிளாஸ்டர் இல்லை, தண்ணீர் ஏறாத சரக்கு. பழைய குழந்தையைக் குப்பையில் போட முடியாது, ஆகவே கோயிலுக்குப் பின்னால் குழி தோண்டி ஜெபம் சொல்லி மரியாதையாகப் புதைத்துவிடலாம் என்று தீர்மானம்.

“உயிரோடவா?” என்றார் லிஃப்ட்காரர்.

சாமியார் தன் செருப்பைப் பார்த்தார். அவர் அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. போடமாட்டேன் என்று சொல்லத் தைரியமும் வந்திருக்கவில்லை.

“அண்ணே, நான் தப்பா சொல்லல,” என்றார் மருந்துக்கடைக்காரர். “சனம் முழங்கால் போடற இடம். அங்க வந்து இந்த வாடை அடிச்சா நல்லாவா இருக்கு? ஆண்டவர்னா ஒரு இது வேணாமா? உங்களுக்கே தெரியும். அசிங்கம்ணே.”

லாண்டரியக்கா கூஜாவின் மூடியைப் பிடித்தபடி நின்றாள். அவர் சுவர் பக்கம் திரும்பிவிடுவார் என்று நினைத்தாள், பத்து மாதமாக அந்த வார்த்தையை அவர் வாய்விடாமல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தவர் அல்லவா? அவர் திரும்பவில்லை. விழுந்த கையை நல்ல கையால் தூக்கிக் குழந்தையின் குறுக்கே வைத்தார்.

“தம்பி, ஒண்ணு கேக்கறேன். இவரு பொறந்தாரா இல்லையா?”

“பொறந்தாருண்ணே. அதுக்குத்தானே பண்டிகையே.”

“முழுசாப் பொறந்தாரா? இல்ல, துணி நனையாத மாதிரி பொறந்தாரா?”

மருந்துக்கடைக்காரர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் உதவிக்கு வரவில்லை.

“இருபத்திரண்டு வருஷம் நான் குடில் கட்டினேன்,” என்றார் லிஃப்ட்காரர். நாக்கு ஒட்டிக்கொண்டதால் நிறுத்தி நிறுத்திப் பேசினார். “பஞ்சுல பனி ஒட்டினேன். மாட்டுக்குக் கொம்பு தீட்டினேன். ஒரு தடவ சாணி வெக்கலாம்னு ஒருத்தன் சொன்னான், அடிக்கப் போனேன். வெள்ளைத் துணி, வெள்ளை வைக்கோல், குழந்தை சுத்தமா கிடக்கணும் எனக்கு. இப்ப மூணு வாரமா கூடவே வெச்சிருக்கேன். இவரால தானா திரும்பிப் படுக்க முடியாது தம்பி. தானாத் துடைச்சுக்க முடியாது. அவ்வளவு பெரிய ஆளு. வேற எப்படி வேணும்னாலும் வந்திருக்கலாம்ல? யாராவது என்னத் தூக்குங்க, துடைங்கன்னு வந்து படுத்துட்டாரு. கூசல. மூஞ்சியத் திருப்பிக்கல. அவங்கம்மா எத்தன துணி துவைச்சிருப்பா? அத அசிங்கம்னு சொல்லுவியா நீ? இவரு நனைக்கறதுல என்னய்யா அசிங்கம் இருக்கு? ஒருத்தர் கையில தன்ன விடறது...”

அந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். வாய் பேசிக்கொண்டே போய் எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. லாண்டரியக்கா கூஜாவைச் சாய்த்தாள். சாமியாருக்கும் இல்லாமல், மருந்துக்கடைக்காரருக்கும் இல்லாமல், ஒரு டம்ளரை மட்டும் விளிம்புவரை நிரப்பி அவர் முன்னால் நீட்டினாள்.

“அப்ப குடிங்க,” என்றாள்.

மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, நெஞ்சு அடைத்தவருக்குத் தண்ணீர் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். சாமியாருக்குப் புரிந்தது. லிஃப்ட்காரர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாற்பது வருஷம் அடுத்தவர் கையை எதிர்பார்க்காத மனிதர், கம்பி அறுந்த லிஃப்ட்டுக்குள் காலை வைக்கிறவர் மாதிரி அதை வாங்கினார்.

“நிறைய ஊத்திட்டே,” என்றார்.

“அளவாத்தான் ஊத்தியிருக்கேன்.”

குடித்தார். இடது உதடு ஒத்துழைக்காததால் கொஞ்சம் தாடையில் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள், அவர் தலையை இழுத்துக்கொள்ளவில்லை. டம்ளரை நீட்டி இன்னொன்று என்றார். இரண்டாவதையும் குடித்தார். புதைக்கிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. சாமியார் எழுந்து, குழந்தையின் காலைத் தொட்டு, அடுத்த வாரம் பிரசங்கத்துக்கு எனக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பிரசங்கம் நாலு நிமிஷம்தான் நடந்தது. அவர் கொடுத்ததிலேயே அதுதான் சின்னது.

அவர்கள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வெயில் இன்னும் சன்னலில் இருந்தது. லாண்டரியக்கா அடுப்படியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கட்டில் பக்கமிருந்து குரல் வந்தது.

“இங்க வா.”

போனாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“நனைஞ்சுடுச்சு,” என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பத்து மாதமாக அவள் எதிர்பார்த்திருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. சரி என்று மட்டும் சொன்னாள். வெந்நீர் கொண்டுவந்தாள், தன் கைகளை முதலில் அதில் வைத்துச் சூடாக்கிக்கொண்டாள், பிறகு அவரைத் துடைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் சுவர் பக்கம் திரும்பவில்லை. கண்ணோரத்தில் ஈரம் வந்தது. அதையும் அவள் துடைத்தாள். கமிட்டி பார்த்திருந்தால் அதை அதிசயம் என்று ஒப்புக்கொண்டிருக்கும். எடுத்த துணியைக் கையில் வைத்து, எடை போதாது, நாளைக்கு இன்னும் நாலு டம்ளர் வேண்டும் என்றாள். அவர் உன்னிடம் வாக்குவாதம் பண்ண முடியுமா என்றார்.

முதல் மாதம் அவர் அந்த நேரத்தில் வாயே திறக்கவில்லை. இரண்டாவது மாதம் துடைக்கும்போது லிஃப்ட்டுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மூன்றாவது மாதம் தண்ணீர் ஆறிப்போயிருக்கிறது என்று குறை சொன்னார். அன்றைக்கு லாண்டரியக்கா அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். ஈஸ்டரைப் பார்த்தார். அதற்கு அப்புறம் எட்டு ஈஸ்டர்களும் பார்த்தார். பேச்சு ஓயாத அந்த ஒன்பது வருஷத்தில் அவள் முப்பது வருஷத்தில் பேசாததை எல்லாம் பேசினாள். கடைசியில் நெஞ்சு வலியில், துவைத்த துணி உடுத்தி, அவள் கையில் தலை வைத்தபடி, ஒரு புதன்கிழமை காலை அவர் போனார். சிறுநீரகம் இரண்டும் கடைசிவரை நன்றாக இருந்தன என்று டாக்டரம்மா ஆச்சரியப்பட்டாள்.

புது சுரூபங்கள் வந்தன, அதில் ஆடு மாடு நன்றாக இருந்தன என்பதால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். குழந்தை பழையதுதான். குடில் பிரிக்கிற நாளில் அது பெட்டிக்குப் போவதில்லை. யார் வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறாரோ, தன்னைத் துடைக்க இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறதோ, அந்த வீட்டுக்குப் பன்னிரண்டு துணிகளோடு அதைக் கொண்டுபோய் விடுவது என்று ஆகிவிட்டது. இப்படி யார் தீர்மானித்தார்கள் என்பது கமிட்டி நோட்டில் இல்லை. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் வீட்டில் நாலு மாதம் இருந்தது. அவர் முதலில் இதெல்லாம் என்ன என்று கத்தினார், பிறகு வேலைக்காரரைத் தள்ளிவிட்டுத் தானே துணி மாற்றினார். மருந்துக்கடைக்காரருக்கு ஆபரேஷன் ஆகிக் குழாயும் பையுமாகக் கிடந்தபோது அவர் வீட்டுக்கும் போனது. அப்போது அவர் சோதனைப் பட்டை எதையும் எடுக்கவில்லை. துணிகள் அதிகமாகிவிட்டதால் லாண்டரியக்கா ஓய்வு பெற்ற பிறகு கோயில் முற்றத்திலேயே கொடி கட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு வருகிறவர்கள் ஈரத்துணிகளுக்குக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இங்கே குழந்தைகள் காப்பகம் நடக்கிறதா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவது வழக்கம். ஒருமுறை மறைமாவட்ட ஆயர் வந்திருந்தார். குழந்தையைக் கையில் வாங்கி ஆசி கொடுத்தார், தன் அங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்து என்ன நிகழ்ச்சி என்று கேட்டார்.

இப்போது குழந்தை தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், எட்டாம் நம்பர் வீட்டு மாடியில் இருக்கிறது. அங்கே பஸ் ஓட்டிய ஒருவர் முதுகெலும்பு உடைந்து படுத்திருக்கிறார். அவருடைய தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். முதல் வாரம் அவர் உதட்டைத் திறக்கவே இல்லை. நேற்று மூன்று டம்ளர் குடித்தார்.